ஆமா, பழைய பேப்பர்தான்

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். சனிக்கிழமை எங்க காலேஜ் பாடத்திட்ட போர்டு மீட்டிங்ல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், போன பதிவுக்குக் கீழயே வண்டி வண்டியா ஆறுதல் சொல்லிட்டீங்க, அதனால மறுபடி அந்தக் கதைக்குப் போகல. பழைய பிரிட்டிஷ் பத்திரிகைங்க பத்தி நான் நடத்துற எலெக்டிவ் பேப்பரை, அதாவது விருப்பப் பாடத்தை, சிலபஸ்ல இருந்து தூக்கினதுகூட பரவாயில்லைங்க. சிலபஸ்னா வரும், போகும். ஆனா அத்தனை பேர் முன்னாடி "ஏம்மா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பழைய பேப்பர் வியாபாரம், எடைக்குப் போட்டுட வேண்டியதுதானே"ன்னு அந்த சீனியர் கேட்டதும், சுத்தி உக்காந்திருந்தவங்க வடையைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சதும்தான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

சரி, பழைய பேப்பர்தான். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பத்திரிகைங்க. அதைத்தான் படிச்சேன், அதைத்தான் பதினொரு வருஷமா நடத்துறேன்.

இதுல தமாஷ் என்னன்னா, அதே மீட்டிங்ல சார்லஸ் டிக்கன்ஸோட 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் மேல யாரும் கை வைக்கல. டிக்கன்ஸ் ஆச்சே, கிளாசிக் ஆச்சே! அய்யா, அந்த கிளாசிக் முதல்ல எதுல வந்துச்சு? 1854 ஏப்ரல் 1, சனிக்கிழமை தேதி போட்ட 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வாரப் பத்திரிகையில. விலை ரெண்டு பென்னி. 24 பக்கம், பக்கத்துக்கு ரெண்டு காலம், படம் கிடையாது. அடுத்த சனிக்கிழமை அடுத்த இதழ் வந்ததும் அதுவும் பழைய பேப்பர்தான்.

நான் கிளாஸ்ல கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பக்கத்துல என்ன இருந்துச்சு? நாவல் வந்த அதே இதழ்ல, அதே வாரம், முன்னாடி பின்னாடி என்ன அச்சாச்சு? இவ்வளவுதான் என் மொத்த "வியாபாரமும்".

ஒரே ஒரு இதழ் சொல்றேன், பொறுமையா படிங்க. 1854 ஏப்ரல் 22, நாவலோட நாலாவது வாரம். அந்த இதழ்லயே 'கிரவுண்ட் இன் தி மில்'னு ஒரு கட்டுரை இருக்கு. மில்லுல அரைபட்டவங்கன்னு வச்சுக்கலாம். பெல்ட்லயும் ஷாஃப்ட்லயும் மாட்டிச் செத்தவங்க, கை போனவங்க பத்தி, மெஷினைச் சுத்தி வேலி போடச் சொல்ற சட்டத்தை எதிர்த்து நின்ன முதலாளிங்க பத்தி, படிச்சா ராத்திரி தூக்கம் வராது. கட்டுரையில பேர் இல்ல, அந்தப் பத்திரிகையில கட்டுரை யாரு எழுதினாலும் பேர் போட மாட்டாங்க, பக்கத்துக்குப் பக்கம் மேல டிக்கன்ஸ் நடத்துறதுன்னு மட்டும் இருக்கும். அந்தப் பத்திரிகையிலயே வேலை பார்த்த ஹென்றி மோர்லி எழுதினதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியுதுன்னா, ஆபீஸ்ல யாருக்கு எவ்வளவு காசு கொடுத்தோம்னு வில்ஸ்ங்கிற சப் எடிட்டர் எழுதி வச்ச கணக்கு நோட்டு தப்பிச்சதாலதான். ஆமாங்க, கணக்கு நோட்டு! அதையும் எடைக்குப் போடாம யாரோ வச்சிருந்திருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். நாவல்ல வர்ற மில் தொழிலாளி ரேச்சலோட தங்கச்சி மெஷின்ல மாட்டினது பத்தி டிக்கன்ஸ் எழுதி, அடிக்குறிப்புல இந்தக் கட்டுரையோட பக்க எண்ணையே போட்டிருந்தார். அப்புறம் அச்சுக்கு முன்னாடி திருத்துற ப்ரூஃப்ல அவரே அதையெல்லாம் எடுத்துட்டார். ஏன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, அது வேற பஞ்சாயத்து. ஆனா பத்திரிகையை வாரா வாரம் வாங்கினவன் கையில கதையும் இருந்துச்சு, அந்தக் கட்டுரையும் இருந்துச்சு. நம்ம பிள்ளைங்க வாங்குற எடிஷன்ல கதை மட்டும்தான். அதை வச்சுக்கிட்டு "டிக்கன்ஸ் தொழிலாளியோட நிஜமான ஆபத்தைப் பேசவே இல்ல"ன்னு வருஷா வருஷம் பரீட்சையில எழுதுறாங்க, நாமளும் டிக் அடிச்சு மார்க் போடுறோம். பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பார்த்திருந்தா இப்படி எழுதுவாங்களா?

எனக்கு இது காலேஜ்ல வந்த புத்தி இல்ல. எங்கம்மா வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையை மட்டும் கிழிச்சு, சேர்த்து வச்சு, கோந்து போட்டு ஒட்டின காலிகோ துணி பைண்டிங் பண்ணி வைப்பாங்க. உங்க வீட்லயும் இருந்திருக்கும். கதைப் பக்கத்தைத் திருப்பினா பின்னாடி பல்பொடி விளம்பரம் பாதி, சமையல் குறிப்பு பாதி, ஒரு ஜோக்கோட முதல் ரெண்டு வரி. எட்டு வயசுல நான் கதையை விட்டுட்டு அந்தப் பாதிங்களைத்தான் படிச்சேன். லண்டன் லைப்ரரிங்களும் எங்கம்மா பண்ணதைத்தான் பண்ணுச்சு. மாதப் பத்திரிகைங்களை வால்யூமா பைண்ட் பண்ணும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கழட்டித் தூக்கிப் போட்டாங்க. எங்கம்மாவை மன்னிச்சுட்டேன், அவங்களை இன்னும் இல்ல.

"எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. இருக்கு. ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் முழுசா ஃப்ரீயாவே கிடைக்குது, நானும் அதை வச்சுத்தான் பாடம் எடுக்குறேன், ஸ்கேன் பண்ணிப் போட்டவங்களுக்குப் புண்ணியம். ஆனா நீங்க தேடல் பெட்டியில ஒரு வார்த்தையைத் தட்டினா அந்த வார்த்தை இருக்குற துண்டு வந்து நிக்கும். அக்கம்பக்கம் தெரியாது. அம்மா கிழிச்ச மாதிரியேதான். தெரியாததைத் தேட முடியாதுங்க, புரட்டத்தான் முடியும்.

"வேலை கிடைக்குமா"ன்னு இன்னொருத்தர். எங்க காலேஜ்ல நடத்துற வேற எந்தப் பாடத்துல வேலை கிடைக்குதாம்?

அடுத்தது, ரொம்ப வலிச்சது. "வெள்ளைக்காரன் குப்பையை ஏன் கிளறணும், அடிமைப் புத்தி." அதுவும் என்னை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் போட்டது. சார், சென்னை, மைசூர்ப் பக்கமெல்லாம் பஞ்சத்துல ஜனங்க செத்தப்போ, பெங்களூருல நிவாரணத்துக்குக் காத்திருந்தவங்க படம் 1877 அக்டோபர்ல 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்'ல வந்துச்சு. லண்டன்ல ஒருத்தன் டீயைக் குடிச்சுட்டே அதைப் பார்த்தான். எந்தப் பக்கத்துல வச்சுப் பார்த்தான், அடுத்த பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு நாம தேடாம வேற யார் தேடுவா? இதுவா அடிமைப் புத்தி? வெள்ளைக்காரன்னு ஒரே மூட்டையா கட்டுறீங்களே, அந்த ஊர்லயே பத்திரிகை வித்ததுக்காக ஜெயிலுக்குப் போனவன் இருக்கான். 1836 வரைக்கும் அங்க பத்திரிகைக்கு நாலு பென்னி முத்திரை வரி. ஹெதரிங்டன்னு ஒரு அச்சுக்காரர் அந்த வரியைக் கட்டாம 'புவர் மேன்ஸ் கார்டியன்'னு ஒரு பென்னிக்கு வித்தார். முத்திரை இருக்க வேண்டிய இடத்துல அச்சு மெஷின் படம் போட்டு அறிவே சக்தின்னு அடிச்சார். அவரும் உள்ள போனார், தெருவுல கூவி வித்தவங்க நூத்துக்கணக்குல உள்ள போனாங்க. அவங்க வித்ததும் பழைய பேப்பர்தானா?

2008ல ஒரு சின்ன கிராண்ட்ல மூணு வாரம் லண்டன் போனேன். பிரிட்டிஷ் லைப்ரரியோட பழைய செய்தித்தாள் எல்லாம் அப்போ வடக்கு லண்டன்ல காலிண்டேல்ங்கிற இடத்துல இருந்துச்சு, 2013ல அதை மூடிட்டாங்க. காசு பத்தாம மதியம் பிரெட்டும் வாழைப்பழமும், அதையும் வெளிய நின்னு சாப்பிடணும். 1838ஆம் வருஷத்து 'நார்தர்ன் ஸ்டார்' பார்த்தேன். ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் தொழிலாளிங்களோட பேப்பர், விலை நாலரை பென்னி, நெசவாளிக்கு அது பெரிய காசு, அதனால கூட்டமா உக்காந்து ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க கேப்பாங்க, நம்ம டீக்கடை மாதிரியே. கந்தல் துணியில செஞ்ச காகிதம், நூத்தி எழுபது வருஷம் ஆகியும் கெட்டியா நின்னுச்சு. அதே மேஜையில 1890கள்ல வந்த மரக்கூழ் பேப்பர் ஒண்ணு, தொட்டா அப்பளமா நொறுங்குச்சு. சாயங்காலம் எழுந்தா மடியெல்லாம் பழுப்புத் தூள். அதைத் தட்டி விட மனசு வராம கொஞ்ச நேரம் நின்னேன். வடை சாப்பிட்டுச் சிரிச்சவங்களுக்கு இதை எப்படிச் சொல்றது, சொல்லுங்க?

சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், சொல்லிடுறேன். கேலி பண்ண அதே ஆள், மூணு வருஷம் முன்னாடி வாத்தியாருங்களுக்கான ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸ்ல என்னோட அந்த ஏப்ரல் 22 நோட்ஸை வாங்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் பேசினார். என் பேர் வரல. ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் மரபுன்னு நினைச்சுக்கிட்டேன்.

செகண்ட் இயர் பசங்க நாலு பேர் நேத்து வந்து, "மேம், சிலபஸ்ல இல்லன்னாலும் வெள்ளிக்கிழமை வரலாமா"ன்னு கேட்டாங்க. மூணு மணிக்கு வாங்கடா, ஜெராக்ஸ் செலவு என்னோடதுன்னு சொல்லியிருக்கேன்.

அப்புறம் அம்மா பைண்ட் பண்ண வால்யூம்ல 212ஆம் பக்கத்துக்குப் பின்னாடி, புருஷன் ஆபீஸ்ல இருந்து குடையோட வந்து கதவைத் தட்டுறான், பொண்டாட்டி "யாரு"ன்னு கேக்குறா, அதோட கிழிஞ்சிருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா தேடுறேன். மிச்ச ஜோக் யாருக்காவது ஞாபகம் இருந்தா கமெண்ட்ல போடுங்க.