எதிர்கால சைக்கிளும் எங்கள் ஊர் தவுக்கேயும்

போன வாரம் எங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பையன் ஒருவன் மின்சார சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின் டயர் பஞ்சர். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டானாம். மோட்டார் பின் சக்கரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது, வயரைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது என்று இரண்டு இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டினோம். பத்து நிமிட வேலைதான்.

புது சைக்கிள் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: நம் ஊரில் இதை யார் பிரிப்பார்கள்?

அப்பா ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போன கறுப்பு சைக்கிளில் செயின் முழுக்கத் தகர மூடிக்குள் இருக்கும். கேரியரில் ரப்பர் பால் ஊற்றும் தோம்பு, முன்னால் டைனமோ விளக்கு. மழையும் செம்மண்ணும் செயினைத் தொடாது. பிறகு மலை சைக்கிள் மோகம் வந்தது. 21 கியர், மூடி இல்லை, மட்கார்டு இல்லை. மழைக்காலத்தில் ஒரு மாதம் எண்ணெய் போடாமல் விட்டால் செயின் துருப்பிடித்துக் கிறீச்சிடும்.

இப்போது ஐரோப்பாவில் நகரத்துக்கென்று செய்யும் நல்ல சைக்கிள்களைப் பாருங்கள். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் கியர், டைனமோவும் குடத்துக்குள், செயினுக்குப் பதில் கார்பன் இழை பெல்ட். துருவும் இல்லை, எண்ணெயும் வேண்டாம். அப்பாவின் சைக்கிள்தான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது! ஒரு சிக்கல்: பெல்ட்டைப் பொதுவாகச் செயின் போல அறுத்துச் சேர்க்க முடியாது. அதை நுழைக்க ஃபிரேமிலேயே பிரிகிற இடம் வேண்டும். பழைய சைக்கிளில் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

டயர் அகலமாகி வருவதில் எனக்கு முழுச் சம்மதம். 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிய பந்தயக்காரர்களே 28, 30 என்று போய்விட்டார்கள். மேடுபள்ளத்தில் ஒல்லி டயர் துள்ளித் துள்ளியே நம் பலத்தைத் தின்றுவிடும். செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் லாரித் தடத்துக்கு 40க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

மின்சாரமும் சரிதான். ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட் வரை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவி நின்றுவிடும். முட்டி வலிக்காரர்களுக்கு அது தாராளம்.

எனக்குப் பிடிக்காதது, எண்ணெயில் இயங்கும் பிரேக்கின் குழாயை ஹேண்டில்பார் வழியாக ஃபிரேமுக்குள் ஒளிப்பது. அழகுதான். ஆனால் கழுத்து பேரிங்கை மாற்ற, பல மாடல்களில் பிரேக்கையே பிரித்து எண்ணெய் நிரப்ப வேண்டும். தினமும் பாசாருக்குப் போகிறவனுக்கு இது எதற்கு?

நானும் ஒரு புது சைக்கிள் வாங்கப் போகிறேன். நேற்று வழக்கமான சைக்கிள் கடை முதலாளி, நம்ம தவுக்கேயிடம் போனில் படத்தைக் காட்டினேன். விலையைக் கேட்கவில்லை மனுஷன். பின் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நட்டு 15 ஸ்பானர்தானே?" என்றார்.