கட்டிலின் உயரம்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் போட்டிருந்தார்: "அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, 24 மணி நேரமும் தங்க வேண்டும், போன் நோண்டாதவராக இருக்க வேண்டும்." வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவேன். அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது, அதனால்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். ஏஜென்சி மூலம் ஒரு அக்கா வந்தார், விழுப்புரம் பக்கம், ஐம்பதை நெருங்கிய வயது. அப்பா 74 கிலோ. அக்கா 50 கிலோ இருந்தால் அதிகம். கட்டிலோ தாத்தா காலத்துத் தேக்கு, முழங்கால் உயரம்கூட இருக்காது. அதில் குனிந்து அவரை ஒருக்களித்துப் பிடித்து, டயப்பர் மாற்றி, முதுகு துடைத்து, கீழே சரிந்த உடம்பைத் தலையணை வரைக்கும் இழுத்துப் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரவிலும் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அதே வேலைதான். நான் அடுத்த அறையில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதினால் யோக்கியமாக இருக்காது.

மூன்றாவது மாதம் ஒருநாள் காலை, கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க அவர் குனியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மெல்ல மெல்ல உட்கார்ந்து எடுத்தார். கேட்டால், "இடுப்பு பிடிச்சிருக்கு தம்பி, தைலம் தேய்ச்சா போயிடும்" என்கிறார். தலையணைக்கு அடியில் வலி மாத்திரை அட்டை, பாதி காலி.

அன்றைக்குத்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நயோஷ் என்ற அமெரிக்க அரசு நிறுவனத்தின் சூத்திரப்படி, ஒருவர் கையால் நோயாளியைத் தூக்கும்போது எல்லாம் தோதாக இருந்தாலும் ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக் கூடாதாம். இங்கே 74 கிலோ, தாழ்ந்த கட்டில், தூக்கமில்லாத உடம்பு. அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் கட்டிலைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். உயரத்தை ஏற்றி இறக்க முடிகிற ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்தோம். பெட்ஷீட்டை மடித்து அப்பாவின் உடம்புக்கு அடியில் தோளிலிருந்து தொடை வரை குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கச் சொன்னார். இரண்டாவது ஆள் வேறு யார், நான்தான். ஒரே வாரத்தில் எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஊசி. அப்பாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு மூடியைத் திரும்ப மாட்டும்போது அக்கா விரலில் குத்திக்கொண்டார். புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்! ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் மூன்று டோஸ். இத்தனை வருடம் வீடு வீடாக அனுப்பிய ஏஜென்சி ஒரு டோஸ்கூடப் போட்டு அனுப்பவில்லை. நானும் ஆதார் நகல் கேட்டேனே தவிர இதைக் கேட்கவில்லை. மூடியை மாட்டாமல் அப்படியே போட, சலவை லிக்விட் வந்த தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அந்தச் செலவில்லாத டப்பாவை வைக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

சம்பளக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏஜென்சிக்குக் கொடுத்தது 24,000 ரூபாய், அவர் கைக்குப் போனது 17,000. 30 நாள், 24 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 24 ரூபாய்கூட வராது.

உடம்புக்கு வந்தது கண்ணுக்காவது தெரிகிறது. எங்களிடம் வருவதற்கு முன் அவர் இருந்த வீட்டில் மறதி நோய் வந்த ஒரு பாட்டி. சாயங்காலம் ஆனால் கிள்ளுவார், கடிப்பார், வளையலைத் திருடிவிட்டாய் என்று கத்துவார். அது நோய், அதில் பாட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல நினைவோடு இருந்த மகன், வேலைக்காரர்கள் முன்னால் இவர் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார். வளையல் பீரோவில்தான் இருந்ததாம். அதற்கும் முந்தைய வீட்டில் குளிப்பாட்டும்போது தகாத இடத்தில் கை வைத்த ஒரு பெரியவர். மருமகளிடம் சொன்னதற்கு, "வயசானவர்தானே, கண்டுக்காதீங்க." வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றுதான் சொல்கிறது, மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்த அன்றைக்கு ராத்திரி அவர் எங்கே படுப்பார்? தங்குகிற இடமும் அந்த வீடுதானே.

வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் உரிமை என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சரி, அரசாங்கத்தை விடுங்கள். ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டால் நாம் முதலாளி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டில் யாருடையது? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்காமல் படுத்திருப்பவர் யார்?

அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகள் அப்போது பிளஸ் டூ. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள், "சாப்டியா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா" என்று பத்து நிமிடம் பேச்சு. நாள் முழுக்க அவரை "சாப்டியா" என்று திருப்பிக் கேட்கிற ஒரே குரல் அதுதான். குழுவில் போட்டவரே, அதையும் பிடுங்கப் போகிறீர்களா?

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே ஏஜென்சி அக்காவை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போன மாதம் போன் பண்ணினார். இப்போது பார்த்துக்கொள்ளும் ஐயா 90 கிலோவாம். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "தம்பி, அந்த ஏத்தி எறக்குற கட்டில் எங்க வாடகைக்கு எடுத்தீங்க? இந்த வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்றீங்களா, நான் சொன்னா நல்லா இருக்காது."