மாதக் கடைசியில் கடனடைக்க வந்தவர்

ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் வோர்கல் என்னும் சிறு நகரம். 1932 நவம்பர் 30, மாலை நேரம். பொருளாதார மந்தத்தில் நாட்டு நாணயமான ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்கு 100 குரோஷன்) கண்ணில் படுவதே அரிதாகிவிட்டதால், மேயர் மிக்கேல் உன்டர்குகென்பெர்கரின் நகராட்சி, சாலை போடுவோருக்குத் தானே அச்சிட்ட தாள்களைக் கூலியாகக் கொடுத்துவருகிறது. மாதம் முடிந்தால் தாளின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு விலையுள்ள வில்லையை வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்டாத தாள் செல்லாது.

ரொட்டிக்கடைக்காரர்: ஐயா, கோடையில் என் காலணிக்கு அடித்தோல் மாற்றிக் கொடுத்தீர்களே, அந்த 10 ஷில்லிங் பாக்கியை இப்போதே தீர்க்க வந்திருக்கிறேன்.

செருப்புத் தைப்பவர்: நான்கு மாதமாக என்னைக் கண்டதும் சந்துக்குள் நுழைந்துகொண்ட நீங்கள், கடையடைக்கும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவருகிறீர்கள் என்றால், இன்று தேதி 30 என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. நாளை வில்லையை ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

ரொட்டிக்கடைக்காரர்: வெறும் 10 குரோஷன் வில்லைக்காகவா வந்த பணத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?

செருப்புத் தைப்பவர்: அதே 10 குரோஷனுக்காகத்தானே நீங்கள் ஓடிவந்தீர்கள்? நகராட்சியில் கொடுத்து ஷில்லிங்காக மாற்றிக்கொள்ளுங்களேன்.

ரொட்டிக்கடைக்காரர்: அங்கே நூற்றுக்கு 2 பிடித்துக்கொள்வார்கள். 10 குரோஷனைக் காப்பாற்ற 20 குரோஷனை இழப்பதா?

செருப்புத் தைப்பவர்: சரி, கொடுங்கள், பெற்றுக்கொண்டேன். உங்கள் கடையில் என் வீட்டு ரொட்டிக் கணக்கு 10 ஷில்லிங் நிற்கிறதல்லவா? இந்தாருங்கள், அதுவும் தீர்ந்தது.

ரொட்டிக்கடைக்காரர்: ஐயா, இது நான் கொண்டுவந்த தாள்!

செருப்புத் தைப்பவர்: பெட்டிக்குள் தூங்காமல் தாள் ஊரைச் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடு? ஒரு நிமிடத்தில் இரண்டு கடன் தீர்ந்திருக்கிறது, பாருங்கள்.

ரொட்டிக்கடைக்காரர்: கடன்கள் தீர்ந்தன; வில்லை என் தலையிலேயே விடிந்திருக்கிறது.

செருப்புத் தைப்பவர்: வரியாகக் கட்டிவிடுங்கள்.

ரொட்டிக்கடைக்காரர்: பழைய வரிபாக்கியை ஆகஸ்ட் கடைசியில் கட்டினேன்; இந்த ஆண்டு வரியை அக்டோபர் கடைசியில் கட்டினேன்.

செருப்புத் தைப்பவர்: அடுத்த ஆண்டு வரி?

ரொட்டிக்கடைக்காரர்: (தொப்பியை எடுத்துக்கொண்டு) அலுவலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்?

செருப்புத் தைப்பவர்: ஓடுங்கள். வழியில் கறிக்கடைக்காரரைக் கண்டால் மட்டும் நின்றுவிடாதீர்கள். உங்களுக்குத் தர வேண்டிய 20 ஷில்லிங்கைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.