அந்த அம்புக்குறி குழாய் இல்லை

எலிக்ஸிர் என்ற புரோகிராமிங் மொழியைப் பழக வருகிறவர்கள் முதலில் மயங்குவது |> குறியில்தான். டேட்டா படிப்படியாகக் கீழே இறங்குவதுபோல் கோட் அமையும், பார்க்கவும் லட்சணம். அதனாலேயே அதைக் குழாய் என்று நம்பிவிடுகிறார்கள். பங்ஷனுக்குள் பங்ஷனை அடைப்பதற்குப் பதில் வரிசையாக எழுத ஒரு வசதி, அவ்வளவுதான் அது.

1973-இல் யூனிக்ஸுக்கு வந்த பைப், அதாவது ஒரு புரோகிராமின் அவுட்புட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் நிஜக் குழாய், வேறு ரகம். இரண்டு பக்கத்து புரோகிராமும் ஒரே நேரத்தில் ஓடும். லினக்ஸில் நடுவில் இருக்கும் 64 கேபி பஃபர் நிரம்பிவிட்டால், எழுதுகிற புரோகிராம் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். எலிக்ஸிர் அம்பில் இந்த இரண்டுமே கிடையாது. ஈனம் மேப்புகளை (Enum.map: லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றின்மேலும் ஒரு பங்ஷனை ஓட்டுவது) அம்பால் கோத்தால், முதல் படி மொத்த லிஸ்ட்டையும் முடித்த பிறகே இரண்டாவது படி தொடங்கும். ஒரே நேரத்தில் ஓட்டுவதும் சரி, நிறுத்தி வைப்பதும் சரி, நாம் எழுதினால்தான் உண்டு.

ஓட்டுவதை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். நிறுத்தி வைப்பதைத்தான் மறக்கிறார்கள்.

பெங்களூருக்காரர்களுக்கு தர்ஷினியைவிட (டோக்கன் வாங்கி நின்றபடியே சாப்பிடும் ஓட்டல்) நல்ல உதாரணம் வேண்டாம். கல்லாவில் நிமிடத்துக்கு 20 டோக்கன் கிழிக்கிறார்கள், தோசைக்கல்லில் 8 தோசைதான் வருகிறது என்று வையுங்கள். பத்தே நிமிடத்தில் 120 பேர் தட்டில்லாமல் நிற்பார்கள். கல்லாக்காரருக்கு அது தெரியவே தெரியாது. ஜென்சர்வருக்கு (செய்திகளை வாங்கி வேலை செய்யும் எலிக்ஸிர் புராசஸ்) காஸ்ட், அதாவது பதிலுக்குக் காத்திராத செய்தி, அனுப்புவது அச்சாக இதுதான். புராசஸின் மெயில்பாக்ஸுக்கு உச்சவரம்பு கிடையாது. மெமரி தீரும்வரை செய்திகள் குவியும், பிறகு எல்லா புராசஸும் ஓடுகிற மொத்த நோடும் விழும். புராசஸ் இன்ஃபோவில் மெசேஜ் க்யூ லென் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. காஸ்ட்டை கால் (call, பதில் வரும்வரை நிற்கும் அழைப்பு) ஆக்கினால் அனுப்புகிறவரும் காத்திருப்பார். நிறைய இடங்களில் அதுவே போதும்.

இன்னொரு வழக்கமான தப்பு, ஈனம் மேப்புக்குள் டாஸ்க் அசிங்க், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனி புராசஸ் கிளப்புவது. 10,000 ஆர்டர் இருந்தால் 10,000 ரிக்வெஸ்ட் ஒரே மூச்சில் கிளம்பும். புராசஸ்கள் சில கேபிதான், எலிக்ஸிரை ஓட்டும் பீம் மெஷின் தாங்கிக்கொள்ளும்; எதிர்முனையில் இருக்கும் ஏபிஐ தாங்காது. இங்கே வேண்டியது, ஒரே நேரத்தில் இத்தனை டாஸ்க்தான் என்று வரம்பு வைக்கும் அசிங்க் ஸ்ட்ரீம். ஆனால் அதன் இயல்பு மதிப்புகளை அப்படியே விடக்கூடாது. மேக்ஸ் கன்கரன்சி என்ற அந்த வரம்பு, ஷெட்யூலர் எண்ணிக்கையில்தான், அதாவது பெரும்பாலும் கோர் எண்ணிக்கையில்தான் இருக்கும். கணக்குப் போடும் வேலைக்கு அது சரி, பதிலுக்காகக் காத்திருக்கும் வேலைக்குக் குறைவு. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 200 மில்லி செகண்ட் என்றால், 10,000-ஐ ஒவ்வொன்றாக முடிக்க 2,000 வினாடி. 8 வைத்தால் 250 வினாடி. 50 வைத்தால் 40. அதற்காக 500 என்று போட்டுவிடாதீர்கள். ஏபிஐ வினாடிக்கு 100 தான் அனுமதிக்கிறது என்றால், 100-ஐ 0.2-ஆல் பெருக்குங்கள்: 20. அதுதான் உங்கள் எண்.

உள்ளே டேட்டாபேஸும் இருந்தால் இன்னொரு கணக்கு. எலிக்ஸிரின் டேட்டாபேஸ் லைப்ரரியான எக்டோவின் பூல் இயல்பாக 10 கனெக்ஷன். 50 டாஸ்க் கேட்டால் 40 வரிசையில் நிற்கும். காத்திருப்பு நீண்டால், கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று ரிக்வெஸ்ட்டைக் கழித்துவிடும். குவெரி மெதுவாக இருக்கிறது என்று இண்டெக்ஸைத் தேடி அலைவார்கள், குற்றவாளியோ கன்கரன்சி எண்.

அடுத்தது அசிங்க் ஸ்ட்ரீமின் டைம்அவுட். இயல்பாக 5,000 மில்லி செகண்ட். ஒரே ஒரு டாஸ்க் அதைத் தாண்டினாலும், அழைத்த புராசஸே செத்துவிடும்; முடிந்த 9,000-மும் அதோடு போகும். ஆன் டைம்அவுட்டை கில் டாஸ்க் என்று மாற்றுங்கள். தோற்ற டாஸ்க்கின் இன்புட்டையும் சேர்த்துத் தரும் ஜிப் இன்புட் ஆன் எக்ஸிட்டையும் ட்ரூ ஆக்குங்கள் (எலிக்ஸிர் 1.14 முதல் உண்டு). இல்லாவிட்டால் ஏதோ ஒன்று தோற்றது என்று தெரியும், எது என்று தெரியாது. டாஸ்க் டைம்அவுட் ஆகாமல் கிராஷ் ஆனால் இந்த ஆப்ஷன்கள் மட்டும் காப்பாற்றாது, இரண்டு புராசஸையும் பிணைக்கும் லிங்க் வழியாக அழைத்தவரையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு டாஸ்க் சூப்பர்வைசரின் நோலிங்க் வடிவம்தான். வரிசை முக்கியமில்லை என்றால் ஆர்டர்டை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ட்ரூவாக இருந்தால், முன்னால் நிற்கும் ஒரு சோம்பேறிக்காகப் பின்னால் முடிந்தவை எல்லாம் மெமரியில் தேங்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஸ்ட்ரீம் ரன் போல ஸ்ட்ரீமை ஓடவைக்கும் அழைப்பை விட்டுவிட்டால் ஒன்றுமே ஓடாது. எரரும் வராது!

டாஸ்க்குக்குக் கொடுக்கும் பங்ஷன், வெளியில் உள்ள டேட்டாவையும் கூடவே எடுத்துப்போகும் குளோஷர்; அதையும் கவனியுங்கள். உள்ளே ஒரு பெரிய மேப்பை (கீ-வேல்யூ டேட்டா) தொட்டால் அது ஒவ்வொரு புராசஸுக்கும் காப்பி ஆகும். 5 எம்பி மேப், 50 டாஸ்க் என்றால் 250 எம்பி. 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரிகள் மட்டும் பகிரப்படும். வேண்டிய ஃபீல்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டு அதை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

நிறுத்தி வைப்பதற்கென்றே உள்ள ஜென்ஸ்டேஜ் லைப்ரரியில், வேலையைச் செய்யும் கன்ஸ்யூமரே கேட்டு வாங்கும், தோசைக்காரர் கூப்பிட்ட பிறகு டோக்கன் கிழிப்பதுபோல. ஆனால் அங்கேயும் மேக்ஸ் டிமாண்ட், அதாவது கேட்டு வாங்கும் உச்ச அளவு, இயல்பாக 1,000. 200 மில்லி செகண்ட் வேலையை ஒரு கன்ஸ்யூமர் 1,000 வாங்கி வைத்துக்கொண்டால் முடிக்க 200 வினாடி ஆகும். பக்கத்துக் கன்ஸ்யூமர் அதுவரை சும்மா இருக்கலாம். நெட்வொர்க் வேலைக்கு 10 வைத்துத் தொடங்கி, அளந்து பார்த்து ஏற்றுங்கள்.