ஜோர்டான் 191னா ஷூமாக்கர் மட்டும் இல்லைங்க

உங்க கட்டுரைல, ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்துல ஜோர்டான் டீம் 1991ல ஓட்டின 191 காரை "ஷூமாக்கர் அறிமுகமான கார்"னு ஒரே வரில முடிச்சுட்டீங்க, மனசு கேக்கல. அந்த டீமுக்கு எஃப்1ல அதுதான் முதல் வருஷம், பாதி சீசன் வரைக்கும் வெள்ளிக்கிழமை காலைல ப்ரீ குவாலிஃபையிங்ல (முன்கூட்டியே வடிகட்டுற சுற்று) தப்பிச்சாதான் மேற்கொண்டு ஓட்டவே விடுவாங்க, அந்த நிலைமைலேர்ந்து 13 பாயின்ட் எடுத்து கன்ஸ்ட்ரக்டர்ஸ்ல (டீம்களுக்கான பட்டியல்) 5வது வந்தாங்க சார். கனடா ரேஸ்ல டீமோட டிரைவர்கள் டி செசாரிஸ் 4வது, கஷோ 5வது, ஹங்கேரில ஃபாஸ்டஸ்ட் லேப் (ரேஸ்லயே வேகமான சுற்று) கஷோவோடது.

டிசைன் பண்ணது கேரி ஆண்டர்சன். மூக்கை லேசா தூக்கிட்டு, ரெண்டு பக்கமும் கீழ சரிஞ்சு இறங்குற முன் விங், அடில காத்து தாராளமா போகட்டும்னு. பச்சை பெயின்ட்ல இன்னைக்கு பாத்தாலும் கண்ணு எடுக்க முடியல! இன்ஜின் காசு கொடுத்து வாங்குன ஃபோர்டு வி8தான், பெனட்டன் டீமுக்கு கிடைச்ச அளவு பவர் இதுல கிடையாது.

பெல்ஜியத்துல ஸ்பா டிராக்ல ஷூமாக்கர் 7வதா குவாலிஃபை ஆனதை எல்லாரும் சொல்றாங்க, கிளட்ச் போய் முதல் லேப்லயே நின்னுட்டார். அதே ரேஸ்ல டி செசாரிஸ் முதல்ல போன செனாவுக்குப் பின்னாடி 2வதா வந்துட்டு இருந்தார், முடிய மூணு லேப் இருக்கும்போது இன்ஜின் போச்சு, அதை யாருமே பேசறதில்ல.

அடுத்த வருஷம் யமஹா வி12க்கு மாறி மொத்தமே 1 பாயின்ட். பின்னாடி பல கை மாறி ஃபோர்ஸ் இந்தியா ஆனதும் இதே டீம்தான். ஆண்டர்சன் பத்தி தனியா ஒரு கட்டுரை போடுங்க சார், ப்ளீஸ்.