மல்லிகை வாசனையும் ஒரு மக் தண்ணீரும்

சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளுகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கை கழுவிய பிறகு படிக்கவும். விஷயம் ஆபீஸ் பாத்ரூம் நாற்றம்.

நான் கணக்கு எழுதுவது கோவையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நாற்பது பேர். போன வருடம் மார்ச்சில் ஒருவர் பாத்ரூம் ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். மறுநாளே மேலிடத்து உத்தரவு வந்தது: இனிமேல் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மாப் போட்டுத் துடைத்தால் போதும். நியாயமான உத்தரவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஏப்ரல் கடைசியில் நாற்றம் ஆரம்பித்தது. மூத்திர வாடை என்றால் பழகின விஷயம். இது வேறு, முட்டை அழுகினது போல. காலையில் பூட்டைத் திறந்ததும் கும்மென்று முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கு மேல் எங்களுக்குத் தெரியாது, மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இன்று எந்த அளவு என்று தெரிந்துகொள்வோம்.

முதலில் அந்துருண்டை வாங்கினோம். அப்புறம் பினாயில் இரட்டிப்பாயிற்று. பிறகு தானாகவே புஸ் புஸ் என்று அடிக்கிற மிஷின், மல்லிகை வாசனையில். சாக்கடையும் மல்லிகையும் கலந்தால் வருகிற அந்த மூன்றாவது நாற்றத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் மல்லிகைச் சரம் பக்கத்தில் வந்தால் எனக்கு அந்த பாத்ரூம்தான் ஞாபகம் வருகிறது. வீட்டில் சொன்னால் அடி விழும்.

இதற்கு நடுவில் ஒரு நோட்டு போட்டார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும், கழுவுகிற அக்கா நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்றம் நின்றபாடில்லை என்றதும் அவருக்கு இரண்டு முறை மெமோ. இரண்டாவதில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். அக்கா அப்போதே சொன்னார், "தண்ணி ஊத்திக் கழுவ உடுங்க சார், தொடச்சாப் போகாதுங்க." சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியாகப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. போட்ட அன்றைக்கே நாற்றம் இரண்டு மடங்கு! ஃபேன் போட்டால் நாறுகிறது, நிறுத்தினால் குறைகிறது. எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

டிசம்பரில் வேறு வேலையாக ஒரு வயசான பிளம்பர் வந்தார், கீழ் மாடியில் குழாய் மாற்ற. அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தோம். மூலையிலிருந்த ஜல்லடை மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பித் தூக்கி, போன் லைட்டை உள்ளே அடித்தார். அடியில் காய்ந்த சேறு, ஒரு கொத்துத் தலைமுடி, ஒரு பாட்டில் மூடி. "இதுல தண்ணியே இல்லையே சார். நாத்தம் வராம என்ன பண்ணும்?" குப்பையை வழித்துப் போட்டுவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். க்ளக் க்ளக் என்று சத்தம் வந்து அடங்கியது. மாலைக்குள் நாற்றம் இல்லை. எட்டு மாதக் கதை, ஒரு பக்கெட்டில் முடிந்தது.

அந்த மூடிக்கு அடியில் இருப்பதை பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் குழாயில் இருக்கிற வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். வெஸ்டர்ன் கிளாசெட்டில் எப்போதும் நிற்கிற தண்ணீரும், வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைந்து போவதும் இதே வேலைக்குத்தான். புதுச் சங்கதியும் இல்லை. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை வாங்கிய கழிப்பறையிலேயே இந்த வளைவு உண்டு. நாங்கள் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தோம், டிராப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. கோடை வெயிலில் உள்ளே இருந்த தண்ணீரும் காய்ந்தது. அதன்மேல் ஃபேன் வேறு. கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாத அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டுமே? திறந்து கிடந்த ஒரே வழி சாக்கடை. காசு கொடுத்து நாற்றத்தை உறிஞ்சி உள்ளே விட்டிருக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டு நாற்றம் இந்த ஜாதி இல்லை. அது கண்ணை எரிக்கும், அமோனியா. சிறுநீருக்கு வந்த உடனே அவ்வளவு நாற்றம் கிடையாது. தேங்கினால் பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. ஆக, நாறுவது போனது அல்ல, போகாமல் நின்றது. அதற்கு நம் ஊர் வைத்தியம் ஆசிட். மஞ்சள் கறையை ஆசிட் எடுக்கும், உண்மைதான். கூடவே டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்டையும் அரித்துவிடும். அரித்த பள்ளத்தில் மூத்திரம் ஊறும், அப்புறம் எத்தனை முறை கழுவினாலும் சுவரே நாறும். அதற்கு இன்னும் கொஞ்சம் ஆசிட். சில இடங்களில் வேகமாக வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத அறையில், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவர் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார். தயவுசெய்து உங்கள் ஆபீஸில் இதை யாரும் செய்தால் நிறுத்துங்கள்.

என் மனைவி கோவையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் நீர்க்கடுப்பு என்று ஒரு நாள் படுப்பாள். இதில் அவள் தனி ஆளில்லை. எங்கள் ஆபீஸ் பெண்கள் அந்த எட்டு மாதமும் பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போய் வந்தார்கள் என்பதே எனக்கு டிசம்பரில்தான் தெரியும். நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்!

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 19-வது பிரிவு இதற்கென்றே இருந்தது. கழிப்பறைக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், விதிவிலக்கு தரப்பட்டாலன்றி வேலை செய்யும் அறையிலிருந்து நேராக அதற்குள் போகிற மாதிரி இருக்கக் கூடாது, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலை என்றால் 90 செ.மீ. உயரத்துக்குச் சுவர் வழுவழுவென்று நீர் ஊறாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. நாற்றம் எங்கே ஊறும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுடையது ஆலை இல்லை, அதனால் அது எங்களைக் கட்டுப்படுத்தியதில்லை. எங்கள் பாத்ரூம் கதவு டீ போடுகிற மேடைக்கு எதிரே திறக்கிறது.

பிளம்பர் போனபின் அக்காவிடம் போய், "நீங்க சொன்னது சரிதான்க்கா" என்றேன். அவர் மாப்பைப் பிழிந்துகொண்டே, "வூட்லயும் அப்படித்தானுங்க, ஊருக்குப் போய்ட்டு வந்தா மொதல்ல ரெண்டு சொம்பு ஊத்துவனுங்க" என்றார். அவ்வளவுதான். மெமோவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அது இன்னும் ஃபைலில் இருக்கிறது.

இப்போது திங்கள், வியாழன் காலையில் அந்த மூலையில் ஒரு மக் தண்ணீர் போகிறது. மல்லிகை மிஷின் மட்டும் சுவரில் அப்படியே புஸ் புஸ் என்கிறது. அதனால்தான் நாற்றம் போனது என்று மேலிடம் நம்புகிறது. இந்த மாத ரீஃபில் பில் நேற்று என் மேசைக்கு வந்தது, பாஸ் பண்ணிவிட்டேன்.