சிரித்தவர்களுக்கு

1971 பாகிஸ்தான் போரில் திரும்பி வராத ஒரு விமானிக்காக நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச்சு வந்ததே, அதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். வீடியோவை நீங்களே பார்த்திருப்பீர்கள், முழுக்கதை சொல்லப்போவதில்லை. "போய்ச் சேர்ந்து அம்பது வருஷமாச்சு, இப்ப மெடல் குடுத்தா வந்து சட்டையில குத்திக்குவாரா?" என்று அங்கே பேசிய ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்ததே, அதைப் பற்றித்தான். கேட்டவர் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. சிரித்ததில் நாலைந்து பேர் இங்கே என் நட்பு வட்டத்தில் இருப்பவர்கள்.

முதலில் ஒன்று. நாங்கள் மெடல் கேட்கவில்லை. மனுவைப் படித்துவிட்டுப் பேசுங்கள். 1971 டிசம்பரில் அந்த விமானி கடைசியாகப் பறந்த நாளில் என்ன செய்தார் என்று விமானப்படையில் இருக்கும் அவருடைய பணி ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். இப்போது அங்கே இருப்பது "காணவில்லை" என்ற ஒரே சொல். குடை காணவில்லை, ரேஷன் கார்டு காணவில்லை என்பது மாதிரி. எழுதிவிட்டு விருது கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

அன்றைக்கு அவர் எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்கிறோம், அதற்கு ஆதாரம் எங்கே என்கிறார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் புரிகிறது. எதிரி விமானத்தை வீழ்த்தியதாக ஒரு விமானி சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார்கள். துப்பாக்கியோடு சேர்ந்து ஓடும் கேமராவின் பிலிம் வேண்டும், இல்லையென்றால் கூடப் பறந்தவர் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்த விமானத்தின் சிதைவு கிடைக்க வேண்டும். சரி, திரும்பி வராத விமானத்தின் பிலிம் எங்கே இருக்கும்? அதே விமானத்தோடு எதிரி மண்ணில் கருகிக் கிடக்கும். சிதைவும் அங்கேதான். அதாவது எல்லா ஆதாரமும் எதிரியின் கையில், அதைக் கொண்டுவா என்று கேட்பது அந்த விமானியின் மனைவியிடம்.

செகோனுக்குக் கொடுத்தார்களே என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். ஆமாம், கொடுத்தார்கள். போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரத்தை நம் விமானப்படையில் பெற்ற ஒரே ஆள் நிர்மல்ஜித் சிங் செகோன், ஒரு சின்ன நாட் விமானத்தில் ஏறி பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதியவர், அந்தத் துணிச்சலுக்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அந்தச் சண்டை நடந்தது ஸ்ரீநகர் தளத்துக்கு மேலேயே. கீழே நம் ஆட்கள் இருந்தார்கள். எல்லை தாண்டிப் போய் விழுந்தவனுக்கு யார் இருந்தார்கள்?

அப்படி எல்லை தாண்டி விழுந்த தேவய்யாவின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடகுக்காரர், ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா விமான தளத்தின் மீது தாக்குதல். அன்றைக்கு அவர் மாற்று ஆளாக நிறுத்தி வைக்கப்பட்டவர்தான், கடைசியில் அவரும் போனார். அவர் ஓட்டியது மிஸ்டேர், ஒலியின் வேகத்தைத் தொடவே மூச்சுத் திணறும் விமானம். துரத்தி வந்தது எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர், அதைப்போல இரண்டு மடங்கு வேகம். தன் விமானம் அடிபட்ட பிறகும் இவர் திரும்பி நின்று சண்டை போட்டு அந்த ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினார். அதை ஓட்டிய அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்துக்கொண்டார். தேவய்யா வரவில்லை. நம் ஏட்டில் என்ன எழுதினார்கள்? காணவில்லை.

1979இல் வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் இந்தச் சண்டையைப் பற்றி எழுதிய நூல் வந்த பிறகுதான் இங்கே விழித்தார்கள். அதற்குப் பின்னும் ஒன்பது வருஷம். 1988இல் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருதான மகாவீர் சக்கரம், அவர் மனைவி வாங்கிக்கொண்டார். இருபத்துமூன்று வருஷம் ஐயா. இதில் இன்னொரு கூத்து, அதே அம்ஜத் ஹுசைன் 1971 போரில் அமிர்தசரஸ் பக்கம் சுட்டு வீழ்த்தப்பட்டு நம்மிடம் போர்க்கைதியாகவே இருந்தார். கேட்டார்களோ இல்லையோ, தேவய்யா பெயருக்கு எதிரே ஒன்றும் மாறவில்லை.

அப்போது யாராவது "வந்து குத்திக்குவாரா" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் கதைக்கு வருகிறேன். அப்பா விமானப்படையில் தரைப்பணி. தாம்பரத்தில் பயிற்சி, 1971இல் பஞ்சாபில் ஒரு தளம், சுகோய்-7 போர் விமானங்கள். விமானி ஏறும் முன்பு எஃப்-700 என்று ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், விமானம் சரியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று. அந்த விமானி கடைசியாகப் பறந்த அன்று காலை புத்தகத்தை நீட்டியது அப்பா. கையுறையைக் கழற்றாமலே போட்டதால் கையெழுத்து கோணலாக வந்தது, "திரும்பி வந்து ஒழுங்கா போடுறேன்" என்று சிரித்தாராம். இறங்கிய பிறகு நிரப்ப வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. கூடப் போன தலைமை விமானி தனியாகத் திரும்பி, ஏணியில் இறங்கும்போதே, "எனக்குப் பின்னால் ஒட்டி வந்த சேபரை அவன்தான் அடித்தான்" என்று சொன்னதை அப்பா காதால் கேட்டிருக்கிறார். அந்தத் தலைமை விமானியும் இப்போது இல்லை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு. சாட்சிகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள்.

போரைக் கொண்டாடுகிறீர்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இல்லை தம்பி. அப்புறம், தரைப்படையில் பெயர் தெரியாமல் செத்தவர்கள் எத்தனை பேர், விமானிக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்ற கேள்வி. இது என்னைக் கொஞ்சம் குத்தியது, உண்மையும் அதில் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் எழுதச் சொல்லுங்களேன், நான் வருகிறேன் கையெழுத்துப் போட. அவர்களுக்கு எழுதவில்லை அதனால் இவருக்கும் வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு?

"காணவில்லை" என்பது உங்களுக்கு ஒரு சொல். அது ஒரு வீட்டுக்குள் போனால் என்ன செய்யும் தெரியுமா? திதி கொடுக்க நாள் தெரியாது. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஊரே பஞ்சாயத்து பண்ணும். பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பி, காணாமல் போனவர்கள் ஐம்பத்துநான்கு பேர் என்று பட்டியல் வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் அலைந்தன. அந்த விமானியின் மனைவி பல வருஷம் வாசல் விளக்கை அணைக்கவில்லை என்று அப்பா சொல்வார். இதற்குத்தான் சிரித்தீர்கள்.

வீடியோவை அப்பாவும் பார்த்துவிட்டார். யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த ஸ்டேட்மென்ட்ல என் சர்வீஸ் நம்பர் சரியா போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போன மனுவுக்கு வந்த பதில் இரண்டு வரி, காலம் கடந்துவிட்டதாம். திங்கட்கிழமை மறுபடி பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். அன்றைக்குச் சிரித்த அந்த நாலைந்து பேர் மட்டும் வர வேண்டாம்.